ஒரு மணி நேரம் கேட்டவர்

'ட்வெல்வ் ஆங்ரி மென்' படத்தைப் பார்த்தவர்களிடம் கதையைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். மின்சார நாற்காலிக்குப் போக இருந்த ஓர் அப்பாவிப் பையனை, ஜூரியில் இருந்த ஒரு நல்ல மனிதர் காப்பாற்றுகிறார் என்பார்கள். ஆனால், 1957இல் வந்த அந்தப் படம் பையன் அப்பாவி என்று எந்த இடத்திலும் சொல்வதில்லை. அவன் கொல்லவில்லை என்றால் கொன்றவர் யார் என்ற பேச்சையே அது எடுப்பதில்லை. ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் எண் ஜூரரிடம், அவன் குற்றமற்றவன் என்று நம்புகிறீர்களா என்று கேட்கும்போது தெரியாது என்றுதான் சொல்கிறார். நடுவில் கழிவறைக் காட்சி ஒன்று வரும். பெயிண்டராக வேலை பார்க்கும் ஆறாம் எண்காரர் அவரிடம் கேட்கிறார்: எங்கள் எல்லாரையும் பேசி மாற்றிவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம், அந்தப் பையன்தான் உண்மையில் அப்பனைக் குத்தியிருந்தால்? எட்டாம் எண்காரரிடம் அதற்குப் பதில் இல்லை. படத்திடமும் இல்லை.

அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் படத்துக்கு இருக்கும் பெரும் பெயரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. படம் செய்யாத ஒன்றுக்காக அதைப் பாராட்டுகிறவர்கள் ஒரு பக்கம். சட்டம் தெரிந்து, அதில் உள்ள பிழைகளைக் கணக்கெடுத்தவர்கள் மறுபக்கம். இரு தரப்பும் தாண்டிப் போகிற ஒன்றில்தான் அதன் பலம் இருக்கிறது. எட்டாம் எண்காரர் மற்ற பதினொருவரிடம் விடுதலை கேட்கவில்லை. உட்கார்ந்து பேச ஒரு மணி நேரம் கேட்கிறார், அவ்வளவுதான்.

கதை சின்னது. நியூயார்க் நகரில் வெயில் கொளுத்தும் ஒரு நாள். சேரியில் வளர்ந்த பதினெட்டு வயதுப் பையன் தகப்பனைக் கத்தியால் குத்திக் கொன்றதாக வழக்கு. குற்றவாளி என்றால் மரண தண்டனை கட்டாயம். தீர்ப்பு எதுவானாலும் பன்னிரண்டு பேரும் ஒருமித்துச் சொல்ல வேண்டும். அறைக் கதவு பூட்டப்படுகிறது, மின்விசிறி ஓடவில்லை, முதல் வாக்கெடுப்பில் பதினொரு கைகள் குற்றவாளி என்று உயர்கின்றன. பிறகு நடப்பது முழுவதும் பேச்சு. கொலைக் கத்தியைப் போல இன்னொன்று கிடையாது என்று அரசுத் தரப்பு சொல்லியிருக்க, எட்டாம் எண்காரர் அச்சு அசலாக அதே போன்ற கத்தியைத் தன் பையிலிருந்து எடுத்து மேசையில் குத்தி நிறுத்துகிறார். கீழ்த்தளத்துக் கிழவர் பதினைந்து நொடியில் கதவருகே ஓடி வந்ததாகச் சொன்ன தூரத்தை நொண்டி நடந்து அளக்கிறார், நாற்பத்தொரு நொடி ஆகிறது. மேம்பாலத்தில் ரயில் இரைச்சலோடு போகும்போது மேல்மாடிக் கூச்சல் அந்தக் கிழவருக்கு எப்படிக் கேட்டது என்ற கேள்வி எழுகிறது. கடைசியில், தெருவுக்கு எதிர்ப்புறமிருந்து கொலையைப் பார்த்ததாகச் சொன்ன பெண்ணின் மூக்கில் கண்ணாடித் தழும்பு இருந்தது ஒருவருக்கு ஞாபகம் வருகிறது.

இதை எழுதிய ரெஜினால்ட் ரோஸ் தொலைக்காட்சி நாடக எழுத்தாளர். 1954 தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கின் ஜூரியில் அவரே உட்கார நேர்ந்தது. அந்த அறையில் பல மணி நேரம் நடந்த கடும் வாக்குவாதம் அவரை விடவில்லை. அதே ஆண்டு செப்டம்பர் 20ஆம் தேதி சிபிஎஸ் தொலைக்காட்சியின் 'ஸ்டூடியோ ஒன்' நிகழ்ச்சியில் அது ஒரு மணி நேர நாடகமாக நேரலையில் ஒளிபரப்பானது. இயக்கம் ஃப்ராங்க்ளின் ஷாஃப்னர், எட்டாம் எண்காரராக ராபர்ட் கம்மிங்ஸ். மூவருமே அதற்காக எம்மி விருது வாங்கினார்கள்.

1954 என்ற ஆண்டை மறந்துவிட்டு இந்தக் கதையைப் படிக்கக் கூடாது. செனட்டர் மெக்கார்த்தியும் அமெரிக்க ராணுவமும் மோதிக்கொண்ட விசாரணை அந்த வசந்தத்தில்தான் தொலைக்காட்சியில் நாடு முழுவதும் ஓடியது. அடுத்தவரைக் கம்யூனிஸ்ட் என்று சொன்னாலே அவர் வேலை போய்விடும் என்ற காலம். ஊரே ஒரு பக்கம் கை தூக்கும்போது தனியாகக் கையைக் கீழே வைத்துக்கொண்டிருப்பது என்னவென்று அன்றைய பார்வையாளர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தில் எட்டாம் எண்காரரைக் கடைசி வரை எதிர்க்கும் மூன்றாம் எண்காரராக நடித்த லீ ஜே. காப், 1953இல் அமெரிக்காவுக்கு எதிரான நடவடிக்கைகளை விசாரித்த நாடாளுமன்றக் குழு முன்பாகச் சகக் கலைஞர்களின் பெயர்களைச் சொன்னவர். நெருக்குதல் ஒரு மனிதனை என்ன செய்யும் என்று தன் உடம்பிலேயே அறிந்தவர். மகனின் புகைப்படத்தைக் கிழித்துவிட்டு மேசையில் சாய்ந்து அழும் அந்தக் கடைசிக் காட்சியை இந்தச் செய்தி தெரிந்த பிறகு வேறு மாதிரிப் பார்க்கிறேன்.

நாடகத்தைப் படமாக்க முன்வந்தவர் ஃபோண்டா. ரோஸும் அவரும் சேர்ந்து தயாரித்தார்கள், யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் வெளியிட்டது. செலவு சுமார் 3,40,000 டாலர், அந்தக் காலத்து ஹாலிவுட் கணக்கில் சொற்பம். இயக்குநர் சிட்னி லுமெட்டுக்கு முப்பத்திரண்டு வயது. தொலைக்காட்சியில் கைதேர்ந்தவர், திரைப்படம் அதுவரை எடுத்ததில்லை. இரண்டு வாரம் ஒத்திகை பார்த்துவிட்டு மூன்று வாரத்துக்குள் படப்பிடிப்பை முடித்தார். ஒளி அமைப்பை அடிக்கடி மாற்றினால் நேரமும் பணமும் போகும் என்பதால், ஒரு நாற்காலிக்கு விளக்கு வைத்தால் அந்தப் பக்கம் நடக்க வேண்டிய எல்லாக் காட்சிகளையும் ஒரே மூச்சில் எடுத்துவிடுவார்கள். காரசாரமான ஒரு சண்டையில் ஒருவர் கத்துவது ஒரு நாளும், மற்றவர் பதில் சொல்வது இன்னொரு நாளுமாக எடுக்கப்பட்டிருக்கும். திரையில் அந்தத் தையல் எங்கும் தெரியாமல் போனதற்கு ஒத்திகைதான் காரணம்.

ஒளிப்பதிவாளர் போரிஸ் காஃப்மனைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். சோவியத் ஆவணப்பட மேதை ஜீகா வெர்டோவின் தம்பி. பிரான்ஸில் ழான் விகோவின் படங்களுக்குக் கேமரா பிடித்தவர். அமெரிக்கா வந்து 'ஆன் தி வாட்டர்ஃப்ரன்ட்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஒரே அறைக்குள் ஒன்றரை மணி நேரம் என்றால் கண் சலித்துவிடும் என்று எல்லாரும் பயந்தபோது, லுமெட்டும் காஃப்மனும் அந்த அறையையே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கினார்கள். முதல் பகுதியில் கேமரா ஆட்களின் கண்ணுக்கு மேலே இருந்து பார்க்கும், நடுப்பகுதியில் கண் மட்டத்துக்கு இறங்கும், கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய் அண்ணாந்து பார்க்கும். தலைக்கு மேல் கூரை தெரியத் தொடங்கும். போகப் போக நீண்ட குவியத்தூர லென்ஸ்களை மாற்றியதால் பின்சுவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு வருவது போலிருக்கும். பார்க்கிறவருக்கு ஏனென்று தெரியாமலே மூச்சு முட்டும். முடிவில் நீதிமன்றப் படிக்கட்டுக்கு வெளியே வரும்போது அகன்ற கோண லென்ஸுக்கு மாறுகிறார்கள், நமக்கும் நெஞ்சு விரிகிறது. லுமெட் இதைப் பின்னாளில் 'மேக்கிங் மூவிஸ்' நூலில் விளக்கினார். தொழில்நுட்பத்தை இவ்வளவு அடக்கமாக, இவ்வளவு பொருத்தமாகப் பயன்படுத்திய முதல் படங்கள் மிகக் குறைவு.

இத்தனை இருந்தும் படம் ஓடவில்லை. பெரிய பெரிய திரையரங்குகளில் இறக்கியதால் பாதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. சின்ன அரங்கு ஒன்றில் மெதுவாக ஓடவிட்டிருந்தால் வாய்ச்சொல்லில் வளர்ந்திருக்கும். ஃபோண்டா தன் சம்பளத்தை லாபம் வந்த பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று தள்ளி வைத்திருந்தார், அது அவர் கைக்கு வரவே இல்லை. பெர்லின் விழாவில் தங்கக் கரடி கிடைத்தது. ஆஸ்கரில் சிறந்த படம், இயக்கம், தழுவல் திரைக்கதை என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. மூன்றையும் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' எடுத்துக்கொண்டது. வண்ணமும் அகலத்திரையும் விமர்சகர்களையும் மக்களையும் இழுத்துக்கொண்டிருந்த காலத்தில், கறுப்பு வெள்ளையில் வியர்த்துக்கொண்டு பேசும் பன்னிரண்டு பேரைப் பார்க்க யார் காசு கொடுப்பார்கள்?

பெயர் வளர்ந்தது வேறு வழியில். தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி காட்டினார்கள். பள்ளிகளில் நாடகமாகப் போட்டார்கள். அதைவிட முக்கியமாக, வகுப்பறைகள் படத்தைப் பிடித்துக்கொண்டன. சட்டக் கல்லூரிகள், மேலாண்மைப் பயிற்சிகள், சமூக உளவியல் துறைகள் என்று சினிமாவோடு தொடர்பில்லாத ஆசிரியர்கள் இதைப் பாடமாக்கினார்கள். 2007இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டது. 2008இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் நீதிமன்றப் படங்களை வரிசைப்படுத்தியபோது, 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' படத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இணையத்தில் பார்வையாளர்கள் மதிப்பெண் போடும் ஐஎம்டிபி பட்டியலில் நெடுங்காலமாக முதல் வரிசையில் நிற்கிறது. இந்தப் படத்தை வாழவைத்தவர்கள் விமர்சகர்களைவிட ஆசிரியர்கள்தான். அதன் நன்மையும் தீமையும் இரண்டும் அதிலிருந்தே வந்தன.

உளவியல்காரர்கள் இதில் கண்டது உண்மையானது என்று நினைக்கிறேன். 1950களின் தொடக்கத்தில் சாலமன் ஆஷ் நடத்திய சோதனைகளில், சுற்றி இருப்பவர்கள் எல்லாரும் தவறான கோட்டைச் சரியென்று சொல்லும்போது தனி ஆள் பலமுறை வளைந்துகொடுத்தார். ஒரே ஒருவர் பக்கத்தில் நின்று சரியாகச் சொன்னால் போதும், வளைவது வெகுவாகக் குறைந்தது. படத்தின் திருப்பம் அப்படியே இதுதான். எட்டாம் எண்காரர் ரகசிய வாக்கெடுப்பு கேட்கிறார். இன்னும் பதினொருவரும் குற்றவாளி என்றே எழுதினால் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்கிறார். ஒரு சீட்டு மாறி வருகிறது. எழுதியவர் எல்லாரிலும் வயதான ஒன்பதாம் எண்காரர். அவருக்கும் பையன் மேல் நம்பிக்கை இல்லை. தனியாக நிற்கிறவர் துணை கேட்கிறார், கொடுக்கிறேன் என்கிறார். அந்த ஒரு சீட்டு இல்லாவிட்டால் எட்டாம் எண்காரர் சொன்ன வாக்குப்படி கை தூக்கியிருப்பார், பையன் கதை அத்தோடு முடிந்திருக்கும். நாயகன் என்று நாம் கொண்டாடுகிறவர் அந்த இடத்தில் தோற்கத் தயாராக இருந்தார் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இப்படி நிஜத்தில் நடக்குமா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹாரி கால்வனும் ஹான்ஸ் ஸைசலும் 1966இல் வெளியிட்ட 'தி அமெரிக்கன் ஜூரி' என்ற ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. முதல் வாக்கெடுப்பில் பெரும்பான்மை எந்தப் பக்கமோ, மிகப் பெரும்பாலான வழக்குகளில் தீர்ப்பும் அந்தப் பக்கமே என்று அவர்கள் கண்டார்கள். ஒற்றை ஆள் பதினொருவரைத் திருப்புவது மிக அரிது. சிறுபான்மை தாக்குப்பிடிக்க வேண்டுமானால் தொடக்கத்திலேயே ஓரளவு ஆள்பலம் வேண்டும். ஆக, படம் காட்டுவது விதியை அல்ல, விதிவிலக்கை. இதைப் படத்தின் குறையாக நான் எண்ணவில்லை. விதிவிலக்கை விதி என்று பாடம் நடத்துகிறவர்கள்தான் கவனமாக இருக்க வேண்டும்.

சட்டக்காரர்களின் ஆட்சேபம் இன்னும் கடுமையானது. ஜூரர் தனியாகப் போய்த் துப்பு துலக்கக் கூடாது. எட்டாம் எண்காரரோ பையனின் தெருவுக்கே நடந்துபோய், அடகுக் கடையில் அதே மாதிரிக் கத்தியை வாங்கி, நீதிமன்றத்துக்குள் கொண்டுவந்துவிடுகிறார். சாட்சிப் பட்டியலில் இல்லாத ஒரு பொருள், குறுக்கு விசாரணையைச் சந்திக்காத ஒரு செய்தி. அது வெளியே தெரிந்திருந்தால் அன்றைய விசாரணையே செல்லாமல் போயிருக்கும். கண்ணாடித் தழும்பும் அப்படித்தான். அந்தப் பெண்ணிடம் யாரும் கேட்காத கேள்விக்கு அறைக்குள் இருப்பவர்களே பதில் எழுதிவிடுகிறார்கள். சட்டப் பேராசிரியர் மைக்கேல் அசிமோவ் 2007இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ஒவ்வொரு சாட்சியத்தையும் தனித்தனியாகப் பிரித்துச் சந்தேகப்படலாம், எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் பையன்தான் கொன்றிருக்கக்கூடும் என்பது அவர் வாதம். ஒரே மாதிரிக் கத்தி, அது அன்றிரவே தொலைந்தது, பார்த்ததாகச் சொன்ன படத்தின் பெயர் நினைவில்லை, இரண்டு சாட்சிகள் என்று இத்தனை தற்செயல்கள் ஒரே இரவில் நடக்குமா என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் இந்த வாதத்தில் படம் தோற்பதாக எனக்குப் படவில்லை. பையன் செய்திருக்கலாம் என்பது கழிவறைக் காட்சியிலேயே வந்துவிட்டது. அரசுத் தரப்பு சந்தேகமறக் காட்டியதா என்பதுதான் ஜூரியின் முன் இருந்த கேள்வி.

ஒருவரிடம் இந்த இரண்டு பார்வைகளும் ஒன்றாக இருப்பதைப் பார்க்கலாம். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமேயர் கல்லூரிக் காலத்தில் இந்தப் படத்தைப் பார்த்து, தான் தேர்ந்தெடுத்த பாதை சரி என்று உணர்ந்ததாக 2010இல் ஃபோர்டம் சட்டக் கல்லூரியில் சொன்னார். அதே கூட்டத்தில், கீழ் நீதிமன்ற நீதிபதியாக இருந்தபோது எப்படி விவாதிக்கக் கூடாது என்பதற்கு இந்தப் படத்தைத்தான் எடுத்துக்காட்டியதாகவும் சொன்னார். இரண்டையும் ஒருசேர மனதில் வைத்துக்கொள்வது கடினம். இந்தப் படம் அதைக் கேட்கிறது.

இனி, யார் அந்த அறையில் இருந்தார்கள் என்பதற்கு வருவோம். பன்னிரண்டும் ஆண்கள், பன்னிரண்டும் வெள்ளையர்கள். நியூயார்க்கில் 1937 முதல் பெண்கள் ஜூரியில் உட்கார முடியும், ஆனால் பெண் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி விலகிக்கொள்ளவும் முடிந்தது. அதனால் ஆண்கள் மட்டுமே இருந்த ஜூரி அன்று வியப்பில்லை. பையன் எந்த இனம் என்று படம் சொல்வதில்லை. அவன் முகத்தைத் தொடக்கத்தில் ஒரு கணம் காட்டுவதோடு சரி. 'அவர்கள்' என்று பத்தாம் எண்காரர் மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கொண்டிருப்பார், எவர்கள் என்று சொல்ல மாட்டார். எட் பெக்லி நடித்த அந்த மனிதர் கடைசியில் வெறுப்பைக் கொட்டித் தீர்க்கும்போது மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முதுகைக் காட்டி நிற்கிறார்கள். மேடை நாடகத்தின் நேர்த்தி அந்தக் காட்சியில் இருக்கிறது, படத்தின் மிகப் புகழ்பெற்ற காட்சிகளில் ஒன்று அது. ஆனால் அந்த வெறுப்புக்கு ஆளானவர்களில் ஒருவர்கூட அறைக்குள் இல்லை. சேரியில் வளர்ந்த ஐந்தாம் எண்காரர் ஒருவர்தான் ஓரளவு அருகில் வருகிறார். கத்தியை மேலிருந்து கீழாகக் குத்த மாட்டார்கள், கீழிருந்து மேலாகத்தான் என்று அவரால்தான் சொல்ல முடிகிறது. வாழ்ந்து அறிந்த ஒருவர் உள்ளே இருந்ததால் ஒரு சாட்சியம் உடைந்தது. இன்னும் சிலர் இருந்திருந்தால்?

படம் வருவதற்கு இரண்டாண்டு முன்பு, 1955 செப்டம்பரில், மிசிசிப்பி மாநிலத்தின் சம்னர் ஊரில் வேறு பன்னிரண்டு வெள்ளைக்கார ஆண்கள் ஓர் அறைக்குள் போனார்கள். பதினான்கு வயது எம்மெட் டில் என்ற கறுப்பினச் சிறுவனைக் கொன்ற வழக்கு. அறுபத்தேழு நிமிடத்தில் வெளியே வந்து, குற்றம் சாட்டப்பட்ட இருவரும் குற்றமற்றவர்கள் என்றார்கள். சில மாதம் கழித்து அந்த இருவருமே கொலையை ஒரு பத்திரிகைக்கு விலாவாரியாகச் சொன்னார்கள். 'ட்வெல்வ் ஆங்ரி மென்' ஓடும் நேரம் தொண்ணூற்றாறு நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இந்தப் படத்தை என்னால் நினைக்க முடிவதில்லை. ஒருமித்த தீர்ப்பு, பூட்டிய கதவு, பன்னிரண்டு சாதாரணக் குடிமக்கள் என்று ஏற்பாடு இரண்டு இடத்திலும் ஒன்றே. சம்னரில் நின்று பேச ஒரு மணி நேரம் கேட்டவர் இல்லை. கேட்டிருக்கக்கூடியவர்களை ஜூரிப் பட்டியலிலேயே சேர்த்திருக்கவில்லை.

இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். 1954இன் தொலைக்காட்சி நாடகத்தின் முழுப் பதிவும் கிடைக்காமல் நெடுங்காலம் பாதிதான் இருந்தது. 2003இல் முழுப் படச்சுருள் கிடைத்தது, சாமுவேல் லீபோவிட்ஸ் என்ற காலமான வழக்கறிஞரின் சேமிப்பிலிருந்து. 1930களில் அலபாமாவின் ஸ்காட்ஸ்பரோ இளைஞர்கள் ஒன்பது பேருக்காக வாதாடியவர் அவர். பொய்யான பலாத்காரக் குற்றச்சாட்டில் மரண தண்டனையை எதிர்கொண்ட கறுப்பினப் பையன்கள். ஜூரிப் பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர்களைப் பின்னால் எழுதிச் சேர்த்து மோசடி செய்திருக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றத்தில் பதிவேட்டையே நீட்டிக் காட்டினார். நீதிபதிகள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். 1935இல் நாரிஸ் எதிர் அலபாமா தீர்ப்பு வந்தது, கறுப்பினத்தவரை ஜூரியிலிருந்து திட்டமிட்டு ஒதுக்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று. ஜூரி அறைக்குள் யாரை விடுவது என்பதற்காகப் போராடியவரின் பெட்டியில்தான் ஜூரி அறையைப் பற்றிய நாடகம் பத்திரமாக இருந்தது.

1997இல் வில்லியம் ஃப்ரீட்கின் ஜாக் லெமன், ஜார்ஜ் சி. ஸ்காட் இருவரையும் வைத்துத் தொலைக்காட்சிக்கு இதை மறுபடி எடுத்தபோது நான்கு கறுப்பின ஜூரர்களை அமர்த்தினார். நீதிபதி பெண். வெறுப்பைக் கொட்டும் பத்தாம் எண்காரரும் கறுப்பினத்தவராக வந்தார். துணிச்சலான மாற்றம், ஆனால் மூலத்தின் இறுக்கம் அதில் இல்லை.

ஜூரி என்பது தமிழர்களுக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் எம்.கே. தியாகராஜ பாகவதரையும் என்.எஸ். கிருஷ்ணனையும் சென்னை உயர் நீதிமன்றத்தில் குற்றவாளிகள் என்றது ஜூரிதான். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல்தான் அவர்கள் விடுதலையானார்கள். பம்பாயில் 1959இல் நானாவதி வழக்கில் எட்டுக்கு ஒன்று என்று ஜூரி விடுவிக்க, அதை ஏற்க மறுத்த நீதிபதி உயர் நீதிமன்றத்துக்கு அனுப்பினார். அதன் பிறகு இந்தியாவில் ஜூரி முறை தேய்ந்து, 1973இன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு மறைந்தது. இலங்கையில் ஏழு பேர் கொண்ட ஜூரி இன்றும் உண்டு. எந்த மொழி பேசும் ஜூரி வேண்டும் என்று குற்றம் சாட்டப்பட்டவர் தேர்ந்துகொள்ளலாம். நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ் 2006இல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கு, பாதிக்கப்பட்டோர் தரப்பின் ஆட்சேபத்தையும் மீறிச் சிங்களம் பேசும் ஜூரியின் முன் நடந்தது. 2016 டிசம்பரில் குற்றம் சாட்டப்பட்ட அனைவரும் விடுவிக்கப்பட்டார்கள். யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற கேள்வி அமெரிக்காவோடு முடிவதில்லை.

ஜூரியே இல்லாத நாடுகள் உட்படப் பல நாடுகள் இந்தப் படத்தை விடவில்லை என்பது எனக்கு வியப்பைத் தருகிறது. 1986இல் பாசு சாட்டர்ஜி இந்தியில் 'ஏக் ருகா ஹுவா ஃபைஸ்லா' எடுத்தபோது இங்கே ஜூரி முறை போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. கே.கே. ரைனா எட்டாம் எண்காரர், பங்கஜ் கபூர் மூன்றாம் எண்காரர். நிகிதா மிகால்கோவ் 2007இல் ரஷ்யாவில் எடுத்த '12' படத்தில் பையன் செச்சென் இனத்தவன். அங்கே கதை போரையும் பேசியது. 2014இல் சீனாவிலும் வந்தது. ஜூரியைத் தெரியாதவர்களுக்கும் புரிவதால், படத்தின் உயிர் நீதிமன்றச் சட்டத்தில் இல்லை என்று தெரிகிறது.

பிறகு எதில்? நான்காம் எண்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஈ.ஜி. மார்ஷல் நடித்த பங்குத் தரகர். அந்த வெக்கையிலும் கோட்டைக் கழற்றாதவர், எனக்கு வியர்க்காது என்பவர். வெறுப்பு எதுவும் இல்லாமல், சாட்சியத்தை மட்டும் வைத்துப் பையனைக் குற்றவாளி என்கிறவர். பார்த்த படத்தின் பெயர் எப்படி மறக்கும் என்று கேட்ட அவரிடமே எட்டாம் எண்காரர் அந்த வாரம் நீங்கள் பார்த்த படம் என்ன என்று கேட்கிறார். பெயர் சரியாக வரவில்லை. நெற்றியில் முதல் வியர்வைத் துளி அரும்புகிறது. இவரை மாற்றுவது அவமானமோ கெஞ்சலோ இல்லை. கண்ணாடி விஷயம் வந்ததும், எனக்கு இப்போது நியாயமான சந்தேகம் இருக்கிறது என்று நிமிர்ந்து சொல்லிவிடுகிறார். தன் கருத்து தவறென்று தெரிந்த நொடியில் அதை விட்டுவிடும் பெரிய மனம் திரையில் அடிக்கடி கிடைப்பதில்லை. எட்டாம் எண்காரரைவிட இவரைத்தான் சட்ட மாணவர்களுக்கு நான் முன்மாதிரியாகக் காட்டுவேன். எட்டாம் எண்காரரும் மூன்றாம் எண்காரரைக் கோபமூட்டி, கொன்றுவிடுவேன் என்று அவர் வாயாலேயே கத்தவைத்துக் காரியம் சாதித்தவர்தான்.

அமெரிக்காவில் ஒருமித்த தீர்ப்பு எல்லா இடத்திலும் கட்டாயமாக இருந்ததில்லை. ஒரேகான் மாநிலம் 1934 முதல் பெரும்பாலான குற்ற வழக்குகளில் பத்துக்கு இரண்டே போதும் என்றது. லூசியானாவும் பெரும்பான்மையை ஏற்றது, கறுப்பின ஜூரர்களின் குரலைச் செல்லாக் காசாக்கும் நோக்கத்தோடு. 1972இல் உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. 2020இல் ரேமோஸ் எதிர் லூசியானா வழக்கில்தான் கடும் குற்றங்களுக்கு ஒருமித்த தீர்ப்பே வேண்டும் என்று முடிவானது. பத்துக்கு இரண்டு போதும் என்ற அறையில் எட்டாம் எண்காரர் எழுந்து நின்றிருந்தால் யாரும் அவருக்குப் பதில் சொல்லியிருக்கத் தேவையில்லை. சீட்டைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். ஒருமித்த தீர்ப்பு என்ற விதி பதினொருவரையும் உட்காரவைத்தது. அவருடைய பேச்சுத் திறமை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

படத்தில் எனக்கு மிகப் பிடித்த காட்சி அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று. ஏழாம் எண்காரர் கையில் அன்று மாலை நடக்கும் பேஸ்பால் ஆட்டத்துக்கு டிக்கெட் இருக்கிறது. வாக்குகள் ஆறுக்கு ஆறு என்று நிற்கும்போது சலித்துப்போய், சரி, நானும் குற்றமற்றவன் பக்கம் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறார். எட்டாம் எண்காரர் தரப்புக்கு ஒரு வாக்கு லாபம். அதே தரப்பில் இருக்கும் பதினொன்றாம் எண்காரர், ஐரோப்பாவிலிருந்து குடியேறிய கடிகாரக்காரர், அந்த லாபத்தை ஏற்க மறுக்கிறார். எழுந்து வந்து அவர் முகத்துக்கு நேராக நின்று, குற்றவாளி என்று நம்பினால் அப்படிச் சொல், இல்லையென்று நம்பினால் ஏன் என்று சொல், ஆட்டத்துக்கு நேரமாகிறது என்று ஒரு மனிதனின் உயிரோடு விளையாட உனக்கு என்ன உரிமை என்று கேட்கிறார். தன் பக்கத்துக்கு வந்த வாக்கையே கேள்வி கேட்கும் நேர்மையை வேறு எந்த நீதிமன்றப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பதினொன்றாம் எண்காரராக நடித்தவர் ஜார்ஜ் வாஸ்கோவெக். பிராக் நகரின் புகழ்பெற்ற அங்கத நாடகக் கலைஞர். நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா வந்தவர், போருக்குப் பின் ஊர் திரும்பி, கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்ததும் மறுபடி வெளியேறியவர். 1950இல் அமெரிக்காவுக்குத் திரும்பி வந்தபோது, கம்யூனிச அனுதாபி என்ற சந்தேகத்தில் எல்லிஸ் தீவில் பல மாதங்கள் அடைத்து வைக்கப்பட்டார். 1954 நாடகத்திலும் இதே பாத்திரங்களில் நடித்தவர்கள் அவரும், ஒன்பதாம் எண்காரராக வந்த ஜோசப் ஸ்வீனியும்தான். மற்ற எல்லாரையும் ரோஸும் லுமெட்டும் மாற்றினார்கள், இந்த இருவரை மாற்றவில்லை. ஏழாம் எண்காரர் அந்தக் கேள்விக்குத் தடுமாறி, அவன் குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன், அவ்வளவுதான் என்று முணுமுணுப்பதோடு சரி, காரணம் எதுவும் சொல்வதில்லை. பதினொன்றாம் எண்காரர் அருவருப்போடு அவரைப் பார்த்துவிட்டு இருக்கைக்குத் திரும்புகிறார். அந்த வாக்கும் மற்ற வாக்குகளோடு சேர்த்து எண்ணப்படுகிறது.